கடலைக் காகிதம்

மாடி ஜன்னலுக்கு வெயில் வந்ததும் காந்தா, கண்ணாடித் தகட்டிலிருந்து உரித்த ஏட்டை இரண்டு மூலைகளிலும் பிடித்துத் தூக்கி, அதன் வழியாக ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைப் பார்க்கிறார். மேலிருந்து கீழாக நிலைகளை எண்ணுகிறார். "அஞ்சாவது நெல கலங்கலா இருக்குது. ஆறாவது காணவே காணோம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓரத்தில் ஒரு விரல் அகலம் கிழிக்கிறார். கிழிக்கும்போது காதைப் பக்கத்தில் கொண்டுபோகிறார். சருகு உடைவதுபோல் சத்தம் வந்தால் முகம் சுருங்கும். சத்தமே வராமல் இழுபட்டால் உதடு பிதுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. அது வந்த நாளில் கிழித்த துண்டை வாயில் போட்டு மென்றபடி, படிகளில் இரண்டிரண்டாக இறங்கிச் செவிலிமேட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். பல நாள் காலை நாஷ்டா அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தைப் பட்டு கிழிகிற சத்தம் என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அவர் கணவர் துரைக்கண்ணு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் பிரிவைக் கவனித்துக்கொள்பவர். அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். பட்டு கிழிகிற சத்தத்தை இந்த ஊரில் உவமைக்குக்கூடச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி.

காகிதம்போல் தோன்றும் அந்த ஏடு வேர்க்கடலையில் செய்தது. தோல் நீக்கிய பருப்பை அழுத்திப் பாதி எண்ணெயை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தால் பால் கிடைக்கும். அதை அகலமான தாம்பாளத்தில் ஊற்றி, மரத்தூள் அடுப்பின் மந்தமான சூட்டில், கொதிக்க விடாமல் வைத்திருந்தால் மேலே ஏடு படியும். பசும்பாலில் படிகிற அதே ஏடுதான். மூங்கில் குச்சியால் அதை அலுங்காமல் தூக்கி, எண்ணெய் தடவிய கண்ணாடியில் விரித்து உலர்த்தினால் வெளிர்மஞ்சளில் ஒரு தாள் கிடைக்கிறது. அதில் பொட்டலம் கட்டலாம். கட்டிய பொட்டலத்தைப் பிரிக்காமலே சாப்பிட்டுவிடலாம். இதைச் சொல்லும்போது காந்தாவுக்குக் கை இரண்டும் தாமாகவே மேலே போய்விடும். கேட்பவர் சற்றுப் பின்வாங்கி நிற்பது நல்லது.

காந்தா முசரவாக்கத்து விவசாயி அப்பாதுரையின் மகள். சென்னையில் ரசாயனம் படித்துவிட்டு வந்து, செவிலிமேட்டில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் கெமிஸ்ட்டாக இருக்கிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. உயரம் குறைவு, நடை வேகம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். ஏட்டைத் தூக்கிப் பிடித்தபடியே மணி பார்க்க வேண்டுமென்று. தலையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி செருகியிருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் அப்பளத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதால், தெரிந்தவர்கள் அவரைப் பந்தியின் கடைசியில் உட்கார வைக்கிறார்கள். ஓட்டலில் அடுத்தவர் காபியில் ஏடு படிந்திருந்தால் அவருக்குப் பேச்சு ஓடாது. "எடுத்துப் போட்றாதீங்க, ஒரு நிமிஷம்" என்று அறிமுகமே இல்லாத ஒருவரிடம் சொல்லி, அதைக் கரண்டியால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

இதெல்லாம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வீரபத்திரன் என்பவர் இட்லிக்கடை வைத்திருக்கிறார். இட்லியைவிட அவருடைய மிளகாய்ப்பொடிக்குத்தான் பேர். நல்லெண்ணெயில் குழைத்து, வாழைச்சருகில் வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றிக் கட்டித் தருவார். ஊருக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் திரும்பும் பஸ்ஸில் சாப்பிட அதை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு குடும்பம் திரும்பி வந்தது. பொட்டலத்து எண்ணெய் கசிந்து, பையிலிருந்த கூறைப்புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு இறங்கியிருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கத்தவில்லை. புடவையைக் கடைப்பலகையில் விரித்து வைத்துவிட்டு அழுதார். வீரபத்திரன் வெந்த இட்லியை எடுக்க மறந்து நின்றார்.

பொடி வாங்க நின்றிருந்த காந்தா அந்தப் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் சருகில் எங்கே புகுந்தது, தாளில் எங்கே இறங்கியது என்று அவர் மனம் வழி தேடிக்கொண்டு போனது. கூட்டம் கலைந்ததும் வீரபத்திரனிடம் சொன்னார்: "எண்ணெ கசியாத பொட்டலம் நான் செஞ்சி தரேண்ணா. கடலையிலயே செய்யலாம்." வீரபத்திரன், அன்று இருந்த நிலையில், யார் என்ன சொன்னாலும் தலையாட்டியிருப்பார்.

வீட்டில் துரைக்கண்ணு நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். மெட்ராஸில் இப்போது பிளாஸ்டிக் பை வந்துவிட்டதே, அது போதாதா?

"அதத் திங்க முடியுமா?" என்றார் காந்தா.

"பைய எதுக்குத் திங்கணும்?"

அந்தக் கேள்வி காந்தாவை விடவில்லை. மில்லில் எண்ணெயைப் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கும் கப்பலுக்கும் போவதை அவர் தினமும் பார்க்கிறார். கடலையின் புரதச் சத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுப்பதே அவர் வேலை. திருவிழா முடிந்த மறுநாள் ராஜ வீதியில் காலை வைக்க இடமில்லாமல் சருகும் தாளும் கிடப்பதையும் பார்க்கிறார். இரண்டையும் சேர்த்து யோசித்ததில் பதில் கிடைத்தது. சத்து ஆளின் வயிற்றுக்குப் போகும். தெருவுக்கு எதுவும் மிஞ்சாது. சந்தோஷம் தாங்காமல் சங்கத்துக்கே போய், சேலை மடித்துக்கொண்டிருந்த துரைக்கண்ணுவிடம் சொன்னார். அவர் ஊழியர்கள் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு, சரி சரி, வீட்டில் பேசலாம் என்றார்.

முதல் ஏடு அப்பளம்போல் நொறுங்கியது. மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கி நாலு சொட்டு சேர்த்தார், வளைந்து கொடுத்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் நன்றாக வளையும் என்று சேர்த்ததில், மறுநாள் தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பனங்கிழங்குபோல் உருண்டு கிடந்தன. குச்சியில் தொங்கவிட்டால் சுருங்கியது. காலையில் தெருவை அடைத்துக்கொண்டு நெசவாளர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தோய்ப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை உதித்தது என்று அந்தத் தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அவர் அதைப் பார்த்து ஏட்டை இழுத்துக் கட்டியபோது நெடுக்கக் கிழிந்து போயிற்று. கடைசியில் சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் வாங்கிய பழைய கண்ணாடிகள்தாம் காப்பாற்றின. பொட்டலத்தின் விளிம்பை ஒட்டுவதற்குத் துணி தேய்க்கும் பெட்டி. மூலை மடிப்பது மட்டும் காந்தாவுக்குக் கடைசிவரை வரவில்லை. துரைக்கண்ணு ஒருநாள் பார்த்துச் சகிக்க முடியாமல், "தள்ளு இப்பிடி" என்று வாங்கி மடித்தார். ஆறு கஜப் பட்டுச் சேலையை மூலை பிசகாமல் மடிக்கிற கைக்கு அது ஒரு வேலையே இல்லை. அன்று முதல் அவரும் இதில் விழுந்துவிட்டார்.

வீரபத்திரனின் கடையில் நடந்த முதல் சோதனையைக் காந்தா சொல்லிக் கேட்க வேண்டும். எண்ணெய்ப்பொடிப் பொட்டலத்தைச் செய்தித்தாளின்மேல் ஒரு பகல் முழுக்க வைத்துவிட்டு எடுத்தார்கள். தாளில் ஒரு புள்ளி எண்ணெய் இல்லை. வீரபத்திரன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காந்தா அந்தப் பொட்டலத்தை ஆவி பறக்கும் இட்லியின்மேல் வைத்தார். தாள் மெல்ல நெகிழ்ந்தது, ஓரம் விட்டது, சிவந்த எண்ணெய் இட்லியில் இறங்கியது. வீரபத்திரன் தாளோடு சேர்த்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"கெமிஸ்ட்டம்மா," என்றார், "இது பொட்டலம் இல்ல. பலகாரம்."

அடுத்த வாரமே அவர் கடைமுன் பலகை வந்துவிட்டது. 'பொட்டலத்தோடு சாப்பிடலாம்' என்று சிவப்பில் பெரிய எழுத்து. வைகாசி கருடசேவைக்கு ஊரே திரளும். அன்று கங்கைகொண்டான் மண்டபத்துக்குப் பக்கத்தில் தனிக்கடை போடுவது என்று முடிவாயிற்று. எழுபத்திரண்டாம் வருஷத்துக் கருடசேவை அது. காந்தா மில்லிலிருந்து வந்த கையோடு அடுப்பை மூட்டுவார். துரைக்கண்ணு மடிப்பார். வீரபத்திரன் வருகிற போகிறவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு தின்னக் கொடுப்பார். பீரோ, டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி என்று வீட்டில் மூடி போட்ட இடமெல்லாம் தாள் நிரம்பியது.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வெளிநாட்டுக்குப் போகவேண்டிய புண்ணாக்கு துறைமுகத்திலிருந்து மில்லுக்குத் திரும்பி வந்தது. பூஞ்சை விஷம் இருக்கிறதாம். கடலை ஈரம் பட்டுக் கிடந்தால் பிடிக்கிற பூஞ்சையில் உண்டாவது அது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. கரைப்பானில் ஊறவைத்து வடித்து, பொடி பூசிய கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்து, திரவத்தை அதில் ஊறி ஏறவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால், விஷம் இருக்கிற பொட்டு நீலமாக ஒளிரும். காந்தா மறுபடி சோதித்தார். ஒளிர்ந்தது. கிடங்கின் ஒரு மூலையில் கூரை ஒழுகியிருக்கிறது. நிர்வாகம் அந்த மூலையின் மூட்டைகளைத் தனியே பிரித்து வைக்க ஏற்பாடு செய்தது. விஷயம் அத்தோடு முடிந்ததாக எல்லாரும் நினைத்தார்கள்.

காந்தாவுக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் கை நின்றது. அவர் ஏடு எடுக்க வாங்கிய பருப்பும் அதே கிடங்கிலிருந்து வந்ததுதான்.

மில்லுக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் சோதிக்கிறவர், தன் தாளைச் சோதிக்கவேயில்லை. கிளிசரின் எத்தனை சொட்டு என்று பார்த்தார், கோபுரம் எத்தனை நிலை தெரிகிறது என்று பார்த்தார். இதைப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மேஜைமேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, உள்ளே தலையை நுழைத்து, விளக்கைப் போட்டார். கண்ணாடியில் வைத்த பொட்டுகளில் பாதிக்குமேல் நீலம். அவர் அந்தத் துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தார். வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கும், யாராவது முகத்தைப் பார்ப்பார்கள்.

வீரபத்திரன் கடையில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். காந்தா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். வீரபத்திரன் கரண்டியை அப்படியே சட்டியில் விட்டுவிட்டுக் குந்தினார். மிளகாய் கருகத் தொடங்கியது. இருவருக்கும் இருமல் வந்தது. காந்தாதான் சட்டியை இறக்கி வைத்தார்.

"நான் எவ்ளோ தின்னிருக்கேன் தெரியுமா?" என்றார் வீரபத்திரன். "எம் பொண்ணுக்குக் குடுத்தேன். கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். எங்களுக்கு இன்னாம்மா ஆவும்?"

"நானும்தாண்ணா தின்னேன். தெனம் தின்னேன். கொஞ்ச நாள் கொஞ்சமா தின்னதுல ஒண்ணும் ஆவாதுன்னுதான் படிச்சிருக்கேன். வருஷக்கணக்குல தின்னா ஈரலைக் கெடுக்கும். ஆனா இதுக்குமேல நிச்சயமா சொல்ல எனுக்குத் தெரியாது."

வீரபத்திரன் நிமிர்ந்து பலகையின் சிவப்பெழுத்தைப் பார்த்தார். பிறகு, அந்த நீலத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். காந்தா அவரை மில்லுக்கு அழைத்துப் போய், கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். வீரபத்திரன் உள்ளே குனிந்தார். வெளியே வந்து தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவி, இவ்ளோ அழகா இருக்குது. இந்த நெறத்துல பட்டு நெய்ஞ்சா ஊரே கட்டிக்கும்." துணியை இழுத்து மூடிவிட்டு, "எல்லாத்தையும் கொளுத்திரும்மா" என்றார்.

அன்று மாலையே பீரோவும் டிரங்கும் ஜாடியும் காலியாயின. மில் கொதிகலனின் வாயில் காந்தாவும் துரைக்கண்ணும் தாள்களைக் கட்டுக்கட்டாகப் போட்டார்கள். வறுத்த கடலை வாசனை கிளம்பியது. அந்தப் பக்கம் வந்த கூலிக்காரர்கள் மூக்கை உறிஞ்சி, இன்னா பலகாரம் நடக்குது என்று கேட்டார்கள். துரைக்கண்ணு இந்த வருஷம் விட்டுவிடலாம் என்றார். அடுத்த கருடசேவை வராமலா போகும்? கடைசிக் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பியபோது காந்தாவின் கண் வேறெங்கோ இருந்தது. தைப் பட்டத்துக் கடலை இப்போதுதான் முசரவாக்கத்தில் பிடுங்குகிறார்கள். மண்ணிலிருந்து நேராக வெயிலுக்கு வருகிற காய். கிடங்கையே பார்க்காத காய்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் முசரவாக்கம் போய் இறங்கினார். அப்பாதுரை வயலில் நின்றிருந்தார். மகள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எடுத்துக்கினு போ. ஆனா ஆய்ஞ்சி எடுக்கறது உன் வேல. அறுப்பு ஆளு வேலையக் கெடுக்காத" என்றார். காய்கள் களத்தில் கலகலவென்று காய்ந்ததும் காந்தா மில்லுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். உடைத்த பருப்பை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி தொட்டது, முளை கண்டது எல்லாம் ஒருபக்கம் போயிற்று. காய் பறிக்கும் பெண்களில் செல்லியம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது.

"பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி பாக்கறியேம்மா. ஒண்ணாவது புடிச்சிதா?"

"புடிச்சிதுன்னு நானே சொல்ல முடியாது. வெளக்குதான் சொல்லணும்" என்றார் காந்தா.

அறுப்பாளைக் கெடுக்கக் கூடாது என்று அப்பாதுரை சொன்னதை அறுப்பாளே கேட்கவில்லை. சாப்பாட்டு வேளையில் செல்லியம்மாளும் மற்றவர்களும் வந்து குந்திக்கொண்டு ஆய்ந்து கொடுத்தார்கள். மூட்டை மில்லுக்கு வந்தது. கறுப்புத் துணிக்குள் காந்தா மறுபடி தலையை நுழைத்தார். ஒரு பொட்டு, அடுத்த பொட்டு, அதற்கடுத்தது. எல்லாம் இருட்டாகவே இருந்தன. அந்த இருட்டைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு வெளியே வராந்தாவரை கேட்டதென்று மில்லில் சொல்கிறார்கள்.

பிறகு நடந்தது ஒரே ஓட்டம். நினைத்ததில் பாதித் தாள்கூட ஆகாது என்று தெரிந்துபோயிற்று. ஆகிற மட்டும் ஆகட்டும் என்று மூன்று தாம்பாளங்களை ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். ஒவ்வொரு தாம்பாளத்து ஏட்டிலும் ஒரு துண்டு விளக்கடிக்குப் போய் வந்த பிறகே மடிக்கப்பட்டது. துரைக்கண்ணு சங்கத்தில் லீவு சொன்னார். வீரபத்திரன் பொடியும் எண்ணெயுமாக வந்து சேர்ந்தார். பொட்டலங்கள் ஓலைக்கூடையில் ஏறின.

கருடசேவையன்று பெருமாள் குடையோடு மண்டபத்துப் பக்கம் வந்து திரும்பியிருந்தார். வெயில் ஏறிவிட்டது. பசித்த கூட்டம் கடைக்கு வந்தது. வீரபத்திரன் சுடச்சுட இட்லியின்மேல் பொட்டலத்தை வைத்து நீட்டினார். முதலில் வாங்கியவர் பொட்டலத்தைப் பிரித்துப் பொடியை உதறிக்கொண்டு தாளைத் தெருவில் போட்டுவிட்டு நடந்தார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும். ஒரு மாடு வந்து கீழே கிடந்ததை எல்லாம் நக்கி எடுத்துக்கொண்டிருந்தது. பலகை தலைக்குமேல்தான் இருந்தது. படித்தவர்கள், எழுதினவர் ஏதோ தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

காந்தா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோடா பாட்டில் வைக்கும் மரப்பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். உயரம் குறைந்த அம்மாள், தலையில் குச்சி, கையில் பொட்டலம். "எல்லாரும் இப்பிடிப் பாருங்க" என்றார். மேடையில் பேசிப் பழக்கமில்லாத குரல். ஆனால் கூட்டம் திரும்பியது. பொட்டலத்தை முழுதாக வாயில் போட்டு மென்று விழுங்கினார். அரைக் கரண்டி மிளகாய்ப்பொடி. கண்ணில் நீர் தாரையாக வந்தது. "கடலைதான். சாப்பிடலாம்" என்று சொல்லி, இன்னொன்றை எடுத்தார்.

"போதும்மா, எறங்கு. நான் சாப்பிடறேன்" என்று ஒரு பஸ் கண்டக்டர் முன்னால் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை. இட்லியோடு தாளையும் மென்றார். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு போடு" என்றார்.

அதற்குப் பிறகு கை போதவில்லை. குழந்தைகள் தாளை மட்டும் தனியாகக் கேட்டன. சிலர் ஊருக்குக் கொண்டுபோக மடியில் கட்டிக்கொண்டார்கள். புதுப்பட்டு வாங்கியிருந்த ஓர் அம்மாள் பொட்டலத்தைப் புடவைப் பெட்டியின்மேலேயே வைத்துக்கொண்டு போனபோது வீரபத்திரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் காந்தாவைப் பார்த்தார். காந்தா அந்தப் பெட்டி கூட்டத்தில் மறையும்வரை அதையே பார்த்தார்.

வெற்றி என்று முடித்துவிட்டால் காந்தா ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாவது கூடையைத் திறந்தபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. கூடையை இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஆவி பட்டுத் தாள் இளகி, பொட்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிட்டன. வாங்க நின்றவர்கள் வெறுங்கையோடு போனார்கள். வீரபத்திரன் தலையில் கை வைத்தார். காந்தாவோ கூடைக்குள் கையை விட்டு அந்தக் கட்டியை அள்ளி, பிசைந்து, முகர்ந்து, துரைக்கண்ணுவின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பாத்தீங்களா? எண்ணெய்க்கு வழி விடல. தண்ணிக்குத்தான் விட்டுட்டுது. ரெண்டும் வேற வேற கதவுங்க."

திருவிழாக் கூட்டத்தின் நடுவில், முழங்கைவரை மிளகாய் எண்ணெயோடு, அவர் அவ்வளவு மலர்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் நல்ல வியாபாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்த இரண்டாவது கதவைச் சாத்தும் வேலை நடக்கிறது. தவிட்டு எண்ணெயை ஆறவைத்தால் அடியில் ஒரு மெழுகு படியும். அதைச் சுத்தம் செய்து உருக்கி, தாளின் வெளிப்புறத்தில் ஒரு மூச்சு கனத்துக்குப் பூசிப் பார்க்கிறார். கனம் கூடினால் வாயில் மெழுகு தட்டுகிறது. குறைந்தால் ஈரம் புகுகிறது. ஒவ்வொரு மூட்டைக் கடலையும் முதலில் கறுப்புத் துணிக்குள் போய் வந்த பிறகே வீட்டுப் படியேறுகிறது. இதில் அவர் யாருக்கும், தனக்கும்கூட, தயவு காட்டுவதில்லை. வீரபத்திரன் வாரத்தில் ஒருநாள் மட்டும், வெயில் நாளாகப் பார்த்து, கடலைக் காகிதத்தில் பொடி கொடுக்கிறார். மற்ற நாள் கேட்கிறவர்களிடம், "கெமிஸ்ட்டம்மா இன்னும் மழைகூட பேசிக்கினு இருக்காங்கபா. முடியட்டும்" என்கிறார்.

போன வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மில் விட்டு வந்த காந்தா பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனையில், ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, திறந்தவெளியில் நின்றுவிட்டார். மெழுகு பூசிய பொட்டலம் ஒன்று உள்ளங்கையில் இருந்தது. அவரைத் தேடிக்கொண்டு துரைக்கண்ணு குடையோடு ஓடி வந்து, மூச்சு வாங்க, மனைவியின் தலைக்குமேல் பிடித்தார். சேலை நனைகிறது, சளி பிடிக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னார். காந்தா அவர் பக்கம் திரும்பவில்லை. கண்ணைப் பொட்டலத்திலிருந்து எடுக்காமல், மற்றக் கையின் ஒரு விரலால் குடையின் விளிம்பை மெல்ல அப்பால் தள்ளி, உள்ளங்கையை மழைக்குள் நீட்டினார்.